சந்திரகாந்தக் கல்

ஹட்டனிலிருந்து டிக்கோயா போகிற பஸ்ஸில், என் முன்சீட்டில் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒரே வரிசையில் குடியிருக்கும் பெண்கள் இருவர். இளையவள் மடியில் காய்ச்சலோடு குழந்தை. அதன் கழுத்தில் பால் நிறக் கல் ஒன்று.

"சந்திரகாந்தக் கல்லு அக்கா. காய்ச்சல இழுத்துக்குமாம்."

"யாரு சொன்னா?"

"வித்தவருதான்."

"கண்ணாடித் துண்டா இருக்கும், குடு."

மூத்தவள் கல்லை வாங்கி ஜன்னல் கண்ணாடியில் கீறினாள். வெள்ளையாகக் கோடு விழுந்தது. கல்லில் கீறலே இல்லை.

"நெசக் கல்லுதான்."

"அப்ப ஆஸ்பத்திரி வேணாங்களா? திரும்பிப் போயிரலாமா?"

மூத்தவள் குழந்தையின் நெற்றியைத் தொட்டாள்.

"கல்லு நெசம். அவன் சொன்னத எதுல கீறிப் பாக்குறது?"

ஆஸ்பத்திரி வந்ததும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மூத்தவளே முதலில் இறங்கினாள். தாய் பின்னால் ஓடினாள்.