வெடிச் சத்தம் இருக்கட்டும்

இல்ல தம்பி, அந்த வெடிச் சத்தம் இருக்கட்டும். அத நிறுத்த வேணாம். எல்லாரும் அத நிறுத்தத்தான் பெட்ரோல் அளவ மாத்துற இந்த டியூனர் பொட்டி தேடி வர்றாங்கங்கறீங்க, சரிதான், நான் அதுக்கு வரல. ஆக்சிலேட்டர விட்டதும் பின்னாடி பட்டு பட்டுன்னு வெடிக்குதே, அது இல்லாம போச்சுன்னா எங்க வீட்டுக்காரரு படுத்த இடத்துலயே கண்டுபிடிச்சிடுவாரு. எனக்கு உதறல் மட்டும் நின்னா போதும்.

பைக்கு மெதுவா போறப்பதான் உதறுது. தெரு முனையில திரும்பறேன்னு வைங்க, ஆக்சிலேட்டர லேசா தொட்டா ஒரு குதி குதிக்குது. விட்டா ஆள முன்னால தள்ளுது. வேகமா போனா ஒண்ணுமில்ல. வேகமா போக எனக்கு எங்க தைரியம், அது வேற கதை.

ஆமா, அவரு வண்டிதான். சைலன்சர மாத்தினதும் அவரேதான். வண்டியோட வந்தது சளி பிடிச்சவன் பேசுற மாதிரி இருக்குன்னு கழட்டிப் போட்டுட்டு இத மாட்டினாரு. அப்பவே அவரு சிநேகிதரு சொன்னாரு, இதுக்குப் பெட்ரோல் பத்தாதுய்யா, ஒரு பொட்டி வாங்கி வைன்னு. கேட்டாத்தானே. கை இருக்கறப்ப பொட்டி எதுக்குன்னுட்டாரு. பொட்டி வைக்கிறவனெல்லாம் ஓட்டத் தெரியாதவன்னு வேற ஒரு பேச்சு. உங்கள சொல்லல, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.

அச்சாபீஸ்ல மெஷின் ஓட்டினவரு தம்பி. காகிதம் ஒரு நூல் விலகிப் போனாலும் சத்தத்த வச்சே சொல்லிடுவாரு. காது அப்படி.

நான் எத்தனையோ வருஷமா பின்னாடி உக்காந்து போயிருக்கேன். அவரு முதுகுல சாஞ்சு தூங்கிக்கிட்டே வீடு வந்து சேர்ந்திருக்கேன். இந்த வண்டி உதறும்னே எனக்குத் தெரியாது. நான் ஓட்ட ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அவ்வளவு நாளும் அந்த உதறல மணிக்கட்டுலயே சமாளிச்சு ஓட்டியிருக்காரு. ஒரு வார்த்தை சொன்னதில்ல. அன்னிக்கு நான் வண்டிய தெருவுலயே நிறுத்திட்டு அழுதேன்.

அவரால இப்ப முடியல. கேன்சர் முதுகெலும்புக்குப் பரவிடுச்சு. கிளட்ச் பிடிக்கக் கூட கையில தெம்பில்ல. ஆனா பின்னாடி உக்காந்து வருவாரு. டாக்டர்கிட்டயும் கேட்டேன், குலுங்காம கூட்டிட்டுப் போறதா இருந்தா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கன்னாரு. கார் வச்சுப் போலாமேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், மூஞ்சத் திருப்பிக்கிட்டாரு. முகத்துல காத்து அடிக்கணுமாம். நீ கத்துக்கோ, என்னிக்கு உதறாம தெருவ சுத்திட்டு வர்றியோ அன்னிக்கு நான் ஏறுறேன்னுட்டாரு.

அப்புறம் என்ன, தினமும் வகுப்புதான். மொதல்ல வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து திட்டினாரு. இப்ப ஜன்னலோரக் கட்டில்லேருந்து திட்டுறாரு. மாடு மேய்க்கவா போற, வண்டிய ஏன் அடிக்கிறங்கறாரு. எனக்கு வராம இல்ல தம்பி, காலுக்கு வருது, கைக்குத்தான் வரல. தையல் கம்பெனியில பவர் மெஷின் என்னோடது. பெடல நான் மிதிச்சா ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்துவேன். புதுசா சேர்ற பொண்ணுங்க மிதிச்சா துணிய இழுத்துக்கிட்டு மெஷின் பாஞ்சிடும். இந்த வண்டியில நான்தான் புதுசா சேர்ந்த பொண்ணு.

சரி, மூணு காட்டினீங்களே. இந்தத் திருகு வச்சது விலை கம்மிதான், ஆனா திருகினா எல்லா இடத்துலயும் பெட்ரோல் கூடும், வெடிச் சத்தமும் போயிடுங்கறீங்க. அப்ப அது ஆகாது. அவருக்குத் தெரியக் கூடாது. பொட்டின்னு தெரிஞ்சா மனசு விட்டுடும். என் கைன்னு நினைக்கணும். இந்த லேப்டாப்புல போட்டு மாத்தறது, ஆக்சிலேட்டர் தொடற இடத்துக்கு மட்டும் தனியா கூட்டிக்கலாமா? விடற இடத்த தொடாம? அப்ப இது.

அந்தப் பெரிய பொட்டிதான் ஒசத்தி, புரியுது. சைலன்சர்ல சென்சார் வச்சு, நாம ஓட்டற தினுசப் பாத்துத் தானே சரி பண்ணிக்கும். நல்ல சாமான்தான். அது பழகி சரியா வர எத்தனை நாளாகும்? ம். வேணாம் தம்பி. அவருக்கு அவ்வளவு நாள் இல்ல.

அட, நீங்க எதுக்கு எழுந்திருக்கிறீங்க, உக்காருங்க. வீட்டுலயே வச்சுப் பாத்துக்கோங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அழுது முடிச்சாச்சு. இப்ப இந்த வேலை நடக்கணும்.

சீட்டுக்கு அடியில வைக்காதீங்க. இந்த நிலமையிலயும் சீட்டத் தூக்கிப் பாக்காம ஏற மாட்டாரு. டேங்குக்கு அடியில வைக்க முடியுமா? ஒயரெல்லாம் கறுப்பு டேப் சுத்திடுங்க, பழசு மாதிரி இருக்கட்டும். ஓட்டிப் பழகிட்டு வர்றேன்னுதான் சொல்லிட்டு வந்திருக்கேன். நாத்தனார் அவரு பக்கத்துல இருக்காங்க.

நாளைக்கு வரவா? இல்ல தம்பி, இன்னிக்கே வேணும். நேத்து சாயங்காலம் வழக்கம்போல ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன். இதுவரைக்கும் அவ்வளவு மோசமா ஓட்டினதில்ல. முனையில குதிச்சு, வீட்டு வாசல்ல வந்து அணைஞ்சே போச்சு. இன்னிக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறோம்னு நினைச்சுக்கிட்டே உள்ள போனேன். கண்ண மூடிப் படுத்திருந்தாரு. உனக்குக் கை வந்துடுச்சு, நாளைக்குப் போலாம்னாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த மனுஷன் எனக்காக ஒரு பொய் சொன்னதில்ல தம்பி. வலிச்சா வலிக்கட்டும்னு ஏறப் போறாரு. அந்தப் பேச்சு பொய்யாப் போகக் கூடாது. காலையிலயே நீலச் சட்டைய இஸ்திரி போட்டு வைக்கச் சொல்லிட்டாரு. சாயங்காலத்துக்குள்ள மாட்டிடலாம்ல?