மாவு அடிக்கும் சத்தம்

— தண்ணியில விரலை விட்டுப் பாரு. சுடக் கூடாது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுற சூடுதான் இருக்கணும். அப்பத்தான் ஈஸ்ட் சாகாது. தெரிஞ்சுதா?

— இந்த விரல்ல ஒண்ணும் தெரியல அண்ணி. வீங்கிக் கிடக்கு.

— இடது கை இருக்கில்ல? ஒத்தை விரலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்!

— கதவிடுக்குல வச்சு நசுக்கினாரு.

— நீ எதுக்குடி கதவுப் பக்கம் போன?

— வெளிய ஓடிடலாம்னு.

— ஓடினா என் தம்பிக்குக் கோவம் வராதா? எங்கம்மா வாங்காத அடியா? ஒரு நாள் வாசல் தாண்டியிருப்பாளா? சரி, நுரை வந்துடுச்சு, மாவுல ஊத்து. உப்பு போட்டியா?

— போட்டேன்.

— கீழ் வீட்டு டீச்சர் கேட்டா என்ன சொல்லணும்? சொல்லு பாப்போம்.

— வீட்லயே பிரெட் போடப் பழகுறேன். தினமும் சாயங்காலம் மாவை மேடையில ஓங்கி ஓங்கி அடிச்சுப் பிசையறேன். அந்தச் சத்தம்தான் கீழ கேக்குது.

— அதேதான். என் தம்பிக்கு இந்த மூளை ஏது? நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இருபது வருஷமா பேக்கரி வச்சிருக்கறவ நான். ஆனா அந்தப் பொம்பளை லேசுப்பட்டவ இல்ல. "ஒரு வருஷமா பிசையறாங்க, ஒரு நாளாவது பிரெட் வாசனை வந்துச்சா?"ன்னு கேட்டிருக்கா. போலீசுக்குப் போறேன்னு வேற சொல்லியிருக்கா. இன்னைக்கு அவ மூக்குல வாசனை ஏறணும், அவ்வளவுதான்.

— போலீசுக்குப் போனா என்னாகும் அண்ணி?

— அவனுக்கு வேலை போகும். அப்புறம் உன்னை உயிரோட விடுவானா?

— இப்ப மட்டும்? போன வாரம் முடியைப் பிடிச்சுச் சுவத்துல மோதினாரு. காதுல ரத்தம் வந்துச்சு.

— வாயை மூடு. மாவைத் தூக்கி அடி.

— இப்படியா?

— த்சு! பூனைக்குட்டியைத் தடவுறியா? கோவமே வராதா உனக்கு?

— பயமா இருக்கு அண்ணி, கோவம் எங்கிருந்து வரும்? நீங்களே அடிச்சுக் காட்டுங்க. டீச்சர் பள்ளிக்கூடத்துலேருந்து வந்திருப்பாங்க. நல்லா கேக்கட்டும்.

— தள்ளு. இந்தா, பாத்துக்க! மடி, திருப்பு, அடி! மடி, திருப்பு, அடி!

— இன்னும் ஓங்கி அண்ணி.

— இந்தா! இந்தா! அப்பாடி, தோள்பட்டை கழண்டுடுச்சு.

— யாரோ கதவைத் தட்டுறாங்க.

— அவதான். கழுத்தை மூடுடி, காயம் தெரியுது. வாங்க டீச்சர், வாங்க! நான் இவளோட நாத்தனார், பேக்கரிக்காரி. இப்பத்தான் மாவு பிசைஞ்சோம். கீழ கேட்டுச்சா?

— கேட்டுச்சும்மா. ஈரத்துணி துவைக்கிற மாதிரி மெத்து மெத்துன்னு.

— பாத்தீங்களா! இதுக்குப் போய் போலீசு கீலீசுன்னு…

— இந்தச் சத்தத்துக்கு என் வீட்டுக் கூரையிலேருந்து காரை உதிராதும்மா. ஒரு வருஷமா என் தலைக்கு மேல வந்து விழுறது வேற.

— அது வந்து டீச்சர், இவ புதுசு, பக்குவம் தெரியாம…

— உங்களைக் கேக்கல. ஏம்மா, நீ சொல்லு. தினமும் இங்க விழுறது என்னது?

— நான்தான் டீச்சர்.