எழுபதாவது கட்டத்தில் இருந்தவர்கள்

தலைமை வகிக்கும் பங்குத்தந்தை லியனார்ட் அடிகளார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பாடசாலை அதிபர் நாகலெட்சுமி அம்மையார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் சிசிலியின் அன்னை அந்தோனியம்மா அவர்களே, இந்த மழையிலும் ராகலையிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்திருக்கும் தேயிலைத் தோட்டத்து மக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் வீரய்யா. தோட்ட மக்கள் ஆவண உதவி நிலையத்தின் செயலாளர். எங்கள் நிலையத்தின் தட்டச்சாளர், கணனிப் பொறுப்பாளர், செல்வி சிசிலி சவரிமுத்து அவர்கள் சென்ற மாதம் பன்னிரண்டாம் திகதி காலமானார். வயது முப்பத்திரண்டு. சிறு வயதிலிருந்தே இதய நோய் இருந்தது. அது அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆகையால் எதிர்பாராத மரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணீர் விட்டுப் பேசவும் எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன். அவரைப் புகழ அது போதும்.

நிலையத்துக்கு 1987இல் ஒரு கம்பியூட்டர் வந்தது. வெளிநாட்டுத் திருச்சபை ஒன்று கொடுத்தது. வண்ணத் திரை உள்ளது. ஆனால் அதில் வண்ணத்தை எங்களில் யார் கண்டார்? கறுப்புத் திரையில் சாம்பல் எழுத்துகள். கட்டளையைத் தட்டச்சு செய்து ஒரு விசையை அழுத்தினால், வேலை முடியும்வரை அது வாய் திறக்காது. மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருக்கும்.

பிரசாவுரிமைக்கு, அதாவது இந்த நாட்டுக் குடிமக்களாகப் பதிய, விண்ணப்பித்தவர்களின் பெயர்களைத் தோட்டத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பட்டியல் தயாரிப்பதுதான் எங்கள் வேலை. கையால் செய்தால் வருடக்கணக்கு ஆகும். கைநூலைப் படித்தே அதற்கு ஒரு கம்பியூட்டர் நிரலை எழுதியவர் சிசிலி. தோட்டத்து லயத்தில் ஐந்து பேர் படுத்த ஒற்றை அறைக் காம்பராவில் இருந்து, தட்டச்சு மட்டும் படித்துவிட்டு வந்த சிசிலி!

ஒருநாள் அவர் மருந்து எடுக்கக் கண்டிக்குப் போயிருந்தார். கம்பியூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரம் பார்த்தேன். திரையில் ஒன்றும் இல்லை. நின்றுவிட்டது என்று நினைத்தேன். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். ஆம், நான்தான் அணைத்தேன்! கோப்பு கெட்டுப்போயிற்று. இரண்டாயிரத்து முந்நூறு பெயர்கள் போயின. அவற்றை மீண்டும் தட்டச்சு செய்ய அவருக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். என்ன சொன்னார் தெரியுமா?

"நீங்க செஞ்சது பிழையில்லைங்க சேர். அது ஒங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையே. பேச வச்சிருக்கணும். அது என்னோட பிழைதாங்க."

அடுத்த வாரம் அது பேசிற்று. திரையின் அடியில் ஒரு பட்டை. எழுபது கட்டங்கள். வேலை நடக்க நடக்க மஞ்சள் கட்டங்கள் இடமிருந்து வலமாக நிரம்பும். முடிந்தால் பட்டை முழுதும் பச்சை. தடைப்பட்டால் சிவப்பு. எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். தட்டச்சு தெரிந்த எனக்குப் புரியும்படி சொன்னார்.

"டைப்ரைட்டர்ல தாளை ஏத்தாம வண்டியை மட்டும் திரும்ப ஓரத்துக்குத் தள்ளுவோம்ல, அது மாதிரிதாங்க. அதே வரியில மேல மேல அடிக்கிறேன். கலருக்கு ஒரு குறியும் ஒரு நம்பரும். முப்பத்தொண்ணு போட்டா செவப்பு, முப்பத்திரெண்டு பச்சை, முப்பத்திமூணு மஞ்சள். அடிச்சு முடிச்சதும் சைபர் போட்டு பழைய கலருக்குத் திருப்பணும்."

முதல் நாள் அந்தச் சைபரைப் போட மறந்துவிட்டார். கடிதம் எழுத உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் இரத்தச் சிவப்பு! கம்பியூட்டருக்குக் காயம் பட்டுவிட்டது என்று எங்கள் வேன் சாரதி சின்னத்தம்பி பயந்துபோனார். சிசிலி அவ்வளவு சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அந்தப் பட்டையால் என்ன நடந்தது? வாசலில் காத்திருக்கும் மக்கள் எங்களைக் கேள்வி கேட்பதை விட்டார்கள். ஜன்னல் வழியே பார்த்தார்கள். "எங்க தோட்டம் பச்சைக்கு வந்துருச்சா?" என்றார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. தமக்காக நடக்கும் ஒரு வேலை எந்த அளவில் இருக்கிறது என்று அதுவரை அவர்களுக்கு யார் காட்டினார்கள்? சொல்லுங்கள், யார் காட்டினார்கள்?

ஒருமுறை கொழும்பிலிருந்து பிரமுகர்கள் பார்க்க வருவதாக இருந்தது. அன்று கம்பியூட்டரில் ஓட்டுவதற்கு வேலை இல்லை. சும்மா பட்டை மட்டும் ஓடுகிற மாதிரி ஒன்று செய்து வை, பார்க்க நன்றாயிருக்கும் என்றேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"நடக்காததை நடக்குற மாதிரி காட்டக் கூடாதுங்க சேர். இன்னைக்கு அவங்களுக்குக் காட்டுவோம். நாளைக்கு நாமளே நம்பிருவோம்."

பிரமுகர்கள் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

பெருமக்களே! இந்த வருடம் பெப்ரவரி மாதம். ஆறாயிரத்து நூற்று நாற்பது பேரின் பட்டியலை நுவரெலியா அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கொடுக்க வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை கடையடைப்பு, பாதையில் வாகனம் ஓடாது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆகவே வியாழன் பகல் ஒரு மணிக்கு வேன் புறப்பட வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

அதற்கு முந்திய வாரம் சிசிலி பட்டையை மாற்றியிருந்தார். அதுவரை அது வாசித்த பெயர்களை எண்ணியது. "வாசிச்சது வேற, முடிச்சது வேறங்க" என்று சொல்லி, ஒப்பிட்டுப் பட்டியலில் ஏற்றிய பெயர்களை மட்டும் பச்சையில் எண்ணும்படியும், ஏறாமல் போனவை சிவப்பில் நிற்கும்படியும் செய்தார். இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

வியாழன் காலை பத்தரை மணி. ஓட்டம் முடிந்தது. அறுபத்தொன்பது கட்டங்கள் பச்சை. எழுபதாவது கட்டம் சிவப்பு.

நான் என்ன சொன்னேன்? இந்தச் சபையில் மறைக்க விரும்பவில்லை. "ஒரு கட்டந்தானே, விடும்மா. அச்சடி" என்றேன். வேனைத் திருப்பி நிறுத்தச் சின்னத்தம்பியிடம் சொன்னேன்.

"அந்தக் கட்டத்துக்குள்ள யாரு இருக்காங்கன்னு பாத்துட்டு விடுவோங்க சேர்" என்றார் சிசிலி.

பார்த்தார். எண்பத்து மூன்று பேர்! வேறு வேறு தோட்டங்கள். எல்லோருக்கும் ஒரே ஒற்றுமை. தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நிரல் அந்த இடத்தில் ஒன்றும் காணாமல், ஆளையே தள்ளிவிட்டு அடுத்தவருக்குப் போயிருந்தது. முந்திய மாதம் நாங்கள் எடுத்த மாதிரிப் பட்டியலிலும் அவர்கள் இல்லை. அன்று பட்டை முழுவதும் பச்சையாக இருந்தது. நாங்கள் கை தட்டியிருந்தோம்.

சிசிலியின் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா பேரு இல்லைன்னு, ஆளே இல்லைன்னு எழுதிப்புட்டோங்க சேர். நான்தான் எழுதிப்புட்டேன்."

எண்பத்து மூவரில் ஒருவர் அன்று எங்கள் வாசல் பெஞ்சிலேயே இருந்தார். ராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மீனம்மா. சிசிலி வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மீனம்மாக்கா, ஒங்க அப்பா பேரு என்னாங்க?"

"தெரியாதும்மா. அம்மாவும் சொன்னதில்ல. ஏன், பேரு வரலையா?"

"அம்மா பேரு தெரியுமா?"

"அது எப்புடி தெரியாம இருக்கும்? பூரணி."

உள்ளே வந்து கச்சேரிக்குத் தொலைபேசி எடுத்தார். தாயின் பெயரை எழுதினால் ஏற்பீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். ஏற்போம் என்றார் அந்த உத்தியோகத்தர். பிறகு மூல விண்ணப்பங்களைக் கட்டுக் கட்டாக இறக்கினோம். நான் தாயின் பெயரை வாசித்தேன், அவர் தட்டச்சு செய்தார். எண்பத்து மூன்று தடவை. இடையில் மூச்சு வாங்கியது. சற்று இரு என்றேன். "பட்டை முடிஞ்சதும் ஓய்வு எடுக்குறேங்க" என்றார். நிரலில் அந்த இடத்தைத் திருத்தி, மீதிப் பெயர்களை மட்டும் மறுபடி ஓட்டினார்.

ஒரு மணி பத்து நிமிடத்துக்கு எழுபதாவது கட்டம் பச்சையாயிற்று. ஜன்னலில் நின்ற மீனம்மா, "அது நானா?" என்று கேட்டார். "நீங்களும் இருக்கீங்கக்கா" என்றார் சிசிலி. அச்சான தாள்களை மடியில் வைத்துக்கொண்டு நான் வேனில் ஏறினேன். நானுஓயா ஏற்றத்தில் மூடுபனி. மூன்றே முக்காலுக்குக் கச்சேரியில் கொடுத்து ரசீது வாங்கினேன். மறுநாள் பாதையில் ஒரு வாகனமும் ஓடவில்லை.

நான் சொன்னபடி வேன் போயிருந்தால்? அந்த எண்பத்து மூன்று பேரும் இன்று எந்த நாட்டுக்காரர்கள்? யோசித்துப் பாருங்கள்!

சிசிலி மேடை ஏறியவரல்ல. அவர் படம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஒரு வரியை அழித்து அழித்து எழுதினார், அவ்வளவுதான். செய்த வேலையைச் செய்ததென்றும், செய்யாததைச் செய்யவில்லை என்றும் அந்த வரி சொல்லியது. எத்தனை நிலையங்கள் அப்படிச் சொல்கின்றன? எத்தனை செயலாளர்கள் சொல்கிறோம்?

அன்னை அந்தோனியம்மா அவர்களே, நீங்கள் வரும்போது வாசலில் கேட்டீர்கள்: "எம்மவ அந்தப் பெட்டிகிட்ட அப்புடி என்னாதான் செஞ்சா ஐயா?" அம்மா, அவர் செய்தது இதுதான்.

அந்த எண்பத்து மூவரில் எழுபத்தாறு பேருக்குப் பிரசாவுரிமைச் சான்றிதழ் வந்துவிட்டது. மீனம்மாவுக்கு ஜூலையில் வந்தது. ஏழு பேருக்கு இன்னும் வரவில்லை. சிசிலி மறைந்த நாளிலிருந்து எங்கள் கம்பியூட்டர் துணி போர்த்திக் கிடந்தது. இப்போது ஐம்பத்தெட்டு வயதில் நான் அதன்முன் உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறேன். அவர் எழுதி வைத்த குறிப்புப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் அவர் எண்ணிய விதமாகவே எண்ணுவேன் என்று இந்தச் சபையின் முன் உறுதி கூறுகிறேன்.

அந்த ஏழு பேரில் இருவர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். கடைசி வரிசையில் ஆண்டியப்பன் ஐயா, தூண் பக்கத்தில் லெட்சுமி அம்மா. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நிலையம் திறந்திருக்கும். விண்ணப்பப் பிரதியை எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் இருவரிலிருந்து தொடங்குவோம்.