நிற்க வைத்த சுவர்

ராத்திரி பதினொன்றரை. ஊருக்கு வெளியே, லாரிகூட ஓடாத பைபாஸ் சாலை. அதில் ஸ்கூட்டரில் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள் என் தோழியின் அக்கா. நெருங்கி உட்காருங்கள். நான் கத்திச் சொல்ல மாட்டேன்.

அக்கா ஆர்க்கிடெக்ட். போனது அவளே வரைந்த புது போலீஸ் ஸ்டேஷனுக்கு. மறுநாள் காலை திறப்பு. இரும்புக் கேட்டுக்குப் பதில் கண்ணாடிக் கதவு. புகார் கொடுப்பவரும் எழுதுபவரும் ஒரே உயரத்தில் உட்கார ஒரு மேசை. ராத்திரியெல்லாம் கால் கடுக்க நிற்கும் போலீஸ்காரர்கள் கொஞ்சம் கண்ணசர ஓர் அறை. முன்கூடம் முழுக்கப் பெஞ்சு.

"பெஞ்சு எதுக்கும்மா? வர்றவன் கால் மேல கால் போட்டு உட்காரவா?" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தாராம்.

"ஆமா சார்."

எங்களை மாதிரி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புரியும். சைக்கிள் காணவில்லை என்று புகார் கொடுக்கப் போன என் அப்பா, மத்தியானம்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். நாற்காலி காலியாகத்தான் கிடந்ததாம்.

பழைய ஸ்டேஷனை இடித்த இடத்திலேயே கட்டியதில், ஒரே ஒரு சுவரை மட்டும் முன்கூடத்துக்காக இடிக்காமல் விட்டிருந்தார்கள். வினை அங்கேதான். நிற்கிற ஆளின் தலை உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை. சுரண்டினார்கள், பூசினார்கள், பெயின்ட் அடித்தார்கள்... விடிந்தால் அதே இடத்தில், ஈரமாக.

"நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றார். கறை இருந்துச்சுன்னா பெஞ்சைத் தூக்கிட்டு பீரோவை வச்சு மறைச்சிருவேன்," என்றுவிட்டார் இன்ஸ்பெக்டர்.

பெஞ்சு போனால் மறுபடி எல்லோரும் நிற்க வேண்டியதுதான். அதனால்தான் அக்கா அந்த நேரத்தில் பெயின்ட் டப்பாவோடு போனாள்.

காவலுக்கு இருந்த வயதான ஏட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"விடும்மா, அது போகாது. ரொம்ப வருஷம் முன்னாடி ஒருத்தர் மகளைக் காணோம்னு வந்தார். 'அங்க நில்லு, வரேன்'னு சொல்லிட்டு, புகார் எழுதுற ரைட்டர் தன் வீட்டுக்குப் போயிட்டார். காலையில வந்து பார்த்தா... சுவத்துல சாஞ்சு, நின்ன மேனிக்கே..."

"உட்காருன்னு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரலையா?"

ஏட்டு சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா உள்ளே போனாள். டியூப்லைட்டின் ரீங்காரம். தலை எண்ணெய் வாடை... துவைக்காத தலையணையில் வருமே, அது. பிரஷ்ஷை எடுத்தாள். என்ன நினைத்தாளோ, கீழே வைத்துவிட்டாள். சுவரைப் பார்த்து, "உட்காருங்கப்பா," என்றாள்.

ஒன்றும் இல்லை.

பிறகு... கிரீச். ஆள் உட்கார்ந்தால் பலகை அமுங்குமே, அந்தச் சத்தம். ஒரே ஒரு தடவை.

அக்கா ஓடவில்லை. முதுகைக் காட்டாமல், பின்னோக்கி நடந்து கதவுக்கு வந்தாள். எங்கிருந்து கிளம்பினாலும் நாம் எல்லோரும் சொல்கிற சொல், பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

"வரேன்ப்பா."

காலையில் கறை, உட்கார்ந்தவரின் தலை உயரத்துக்கு இறங்கியிருந்தது. பெஞ்சின் உயரமான சாய்மானம் அதை மறைத்துவிட்டது. பெஞ்சு தப்பியது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் அக்கா நினைத்தாள்.

போன மாதம் ஒரு ராத்திரி போன். ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்த பெண் போலீஸ்.

"மேடம், தூக்கத்தைக் கெடுத்துட்டேனா? உங்களைப் பார்க்கணும்னு ஒரு பெரியவர் ரொம்ப நேரமா பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். நீங்க வரேன்னு சொல்லியிருந்தீங்களாமே?"

அக்கா எழுந்து லைட்டைப் போட்டாள்.

"பாவமா இருந்துச்சு மேடம். வர்றவங்களை அலைக்கழிக்கக் கூடாதுன்னுதானே இந்த ஸ்டேஷனையே கட்டினீங்க? உங்க கார்டு மேசையில இருந்துச்சு. வீட்டு விலாசத்தைக் கொடுத்துட்டேன். நல்ல மனுஷன்... போகும்போது 'வரேன்'னு சொல்லிட்டுத்தான் போனார்."

போனை வைத்த பிறகுதான் அக்காவுக்கு அந்த வாடை தெரிந்தது. வாசல் பக்கமிருந்து.

அங்கே உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது.