அனந்தலக்ஷ்மி அம்மாவின் நாற்பது தொட்டிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, விஞ்ஞானப் பெருமக்களே, அம்மாவின் கணவர் கல்யாணராமன் ஐயா அவர்களே, கோல் மார்க்கெட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்!

நான் மதியழகன். கண்ணாடிக் கூடத்தில் செடித் தொட்டி தூக்குபவன். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் சளைக்காமல் தோற்றவன். "அப்பா, ஜல்தி முடிச்சிடுங்க, எல்லாரும் படிச்சவங்க" என்று மகள் எச்சரித்தே அனுப்பினாள்.

உருளைக்கிழங்கு விஞ்ஞானி முனைவர் அனந்தலக்ஷ்மி அம்மாவுக்கு நான் செய்த துரோகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன், தினக்கூலியாகச் சேர்ந்த புதிது. மே மாத வெயில். செடிகளுக்குப் பகலை ராத்திரியாக்கி வைத்திருந்த இருட்டறையில் ஏ.சி. உண்டு. விடுவேனா? தினமும் மதியம் உள்ளே போய், விளக்கைப் போட்டு, சாப்பிட்டு வந்தேன். தோண்டிப் பார்த்தால் ஒரு தொட்டியிலும் கிழங்கில்லை!

நானே போய் ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை அம்மா.

"செடி ராத்திரியோட நீளத்தைத்தான் அளக்கும், மதியழகன். நடுவுல நீங்க லைட் போட்டா, ஒரு பெரிய ராத்திரி ரெண்டு சின்ன ராத்திரி ஆயிடும். அப்புறம் கிழங்கு வைன்னு இலை எப்படி கீழே சேதி அனுப்பும்? ஜிப்பரெல்லின்னு ஒரு ஹார்மோன். அது குறைஞ்சாதான் மண்ணுக்குள்ள தண்டு நீளுறதை நிறுத்தி, நுனி பருக்கும்."

"எனக்கு அது எப்பவோ குறைஞ்சு போச்சும்மா" என்று தொப்பையைத் தொட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

மறுநாள் மேலதிகாரி வந்து, "கிஸ்கி கல்தி ஹை?" என்று கேட்டார். யார் தப்பு? என் வேலை அந்தக் கேள்வியில் தொங்கியது. அம்மா சொன்ன பதில் ஒரே சொல்: "மேரி." என்னுடையது! அறிக்கையிலும் அப்படியே எழுதினார். ஒரு பருவம் முழுவதையும் இழந்து, மறுபடி விதைத்தார். அப்படி ஒருவரை நீங்கள் பார்த்ததுண்டா?

நோய் தாங்கும் காட்டு இனத்தோடு அம்மா கலந்து உருவாக்கிய செடி, நீண்ட பகலிலும் கிழங்கு வைக்குமா? அதுதான் அவருடைய கடைசிக் கேள்வி. நாற்பது தொட்டிகள். இருபதுக்கு நீண்ட பகல். ஒப்பிட்டுப் பார்க்க இருபதுக்கு, மாலையிலேயே மூடி வைத்து, நீண்ட இரவு. அம்மா நம்மை விட்டுப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ஒரு நாள் தவறினாலும் ஒப்பீடு கெடும். ஆராய்ச்சி மாணவி சுபாஷிணியும் நானும் ஒரு நாளும் விடவில்லை.

நேற்று, நீண்ட பகல் வரிசையில் ஒரு தொட்டியை மெல்லக் கிளறினோம். சுண்டைக்காய் அளவில் மூன்று கிழங்குகள்! சுபாஷிணி அழுதார். நான் அழவில்லை, கண்ணில் மண் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

மூன்று போதாது என்பார் அம்மா. சோதனை முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. அதை முடித்துக் கொடுப்போம் என்று இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன்!

அடுத்து மௌன அஞ்சலி என்றார்கள். மன்னியுங்கள், என்னால் நிற்க முடியாது. மணி நாலாகப் போகிறது. இரவு வரிசையைக் கறுப்புத் துணியால் மூட வேண்டும். ஒரு முனையைப் பிடித்தபடி சுபாஷிணி அங்கே காத்திருக்கிறார். மறுமுனைக்கு நான் போகிறேன்.