ஜப்பானா கொரியாவா என்று பூக்கட்டிப் பார்த்த விவரம்

என் பெயர் காளியண்ணன், தகப்பனார் பெயர் இராமையா. வயது எழுபத்தெட்டு. ஈஜோக் பழைய நடுத்தோட்டத்தில் முனியாண்டி கோயிலை ஒட்டிய வீட்டில் குடியிருக்கிறேன், அந்த வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. முன்பு ரப்பர்ப் பால்மரம் சீவினேன், பிறகு செம்பனைக் குலை வெட்டினேன், இப்போது கோயிலைப் பார்த்துக்கொள்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் தமிழில் சொல்ல, இந்தப் போலீஸ் நிலையத்து சார்ஜன் பாலகிருஷ்ணன் எழுதிக்கொள்கிறார். என்னை யாரும் அழைத்து வரவில்லை. ஈஜோக்கில் பேருந்து ஏறி நானாக வந்தேன்.

பூக்கட்டிப் பார்த்த வருடத்தை எனக்கு எண்ணால் சொல்லத் தெரியாது. கோவிட் அடைப்பு விலகியபின் வந்த மூன்றாவது தீபாவளி அது. தோட்டத்தில் மிச்சமிருந்த கடைசிச் செம்பனைத் தோப்பைச் சாய்த்து, கிடங்கு கட்டுவதற்காக லோரி லோரியாக மண் கொட்டிய வருடம். அந்த லோரிகளின் அதிர்வில் கோயிலின் பின்சுவர் வெடித்தது. என்னோடு நாற்பது வருடம் வேலை செய்த தங்கராஜுவுக்குச் சர்க்கரை வியாதியால் வலது காலை எடுத்ததும் அந்த வருடம்தான். சார்ஜன் கணக்குப் போட்டு 2024 என்று எழுதினார்.

கருமாதி வீட்டில் சிவநேசன் திவாகரனை அடித்ததை மட்டும் சொன்னால் போதும் என்று சார்ஜன் சொன்னார். நான் அதை மட்டும் சொன்னால் பொய் சொன்னதாகிவிடும் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அதன் பிறகு திறந்தார்.

ஜீவன் என்பவன் எங்கள் தோட்டத்து உஷாராணியின் மகன், வயது இருபத்தேழு, ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. திவாகரன் அவனோடு ஆரம்பப் பள்ளியிலிருந்து ஒன்றாகப் படித்தவன், அதே தொழிற்சாலையில்தான் வேலை. இவர்களும் விஷாலினி, பவனேஷ் என்ற இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து நான்கு பேராகப் பனியில் சறுக்கி விளையாட வெளிநாடு போவதாக ஏற்பாடு. இரண்டு மாதமாக ஊர் முடிவாகவில்லை. திவாகரனும் விஷாலினியும் ஜப்பான் என்றார்கள், அங்கே பனி நல்ல பனி, இடுப்பளவு விழும். ஜீவனும் பவனேஷும் கொரியா என்றார்கள், அங்கே பனி சுமாராக இருந்தாலும் பக்கத்திலேயே பட்டணம், ராத்திரி ஆட்டம் பாட்டம் உண்டு. இரண்டுக்கு இரண்டு. கைப்பேசியில் ஓட்டுப் போட்டுப் பார்த்தார்களாம், அதுவும் இரண்டுக்கு இரண்டு.

அப்போது உஷாராணிதான், சண்டை போடாமல் முனியாண்டி கோயிலில் பூக்கட்டிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். எங்கள் கோயிலில் கல்யாணம், வீடு மாற்றுவது, அறுவை சிகிச்சை செய்வதா வேண்டாமா என்பது வரைக்கும் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்புப் பூ ஒன்றும் தனித்தனியாக வாழையிலையில் மடித்து, நூல் சுற்றி, ஒரே மாதிரி இரண்டு பொட்டலமாகச் சாமி காலடியில் வைப்போம். ஒருவர் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். எடுத்ததை மட்டும் பிரிப்போம். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கோயிலுக்குப் பின்னால் ஓடும் பாரிட்டில், அதாவது வாய்க்காலில், போட்டுவிட வேண்டும்.

பூக்கட்டுவதற்கு முதல் நாள் சனிக்கிழமை காலை, நான் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருக்கும்போது, உஷாராணி தனியாக வந்தார். தங்கராஜு சக்கர நாற்காலியில் பக்கத்தில் இருந்தார். உஷாராணி கையில் எதுவும் கொண்டுவரவில்லை. ஜீவனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவன் தகப்பன் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளோடு இதே பாரிட்டில் விழுந்து இறந்தான், அவனைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஜீவனும் பூக்கட்டிய வருடத்தில் இரண்டு முறை குடித்துவிட்டு மோட்டாரோடு விழுந்திருந்தான், இரண்டாவது முறை தோள் எலும்பு விலகியது. உஷாராணி சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அண்ணே, கொரியாவுக்குப் போனா அவன் குடிக்கத்தான் போறான். ஜப்பான்ல வெறும் பனிதான். பனியில விழுந்தா எழுந்திரிச்சிக்கலாம். நீங்க ரெண்டுலயும் வெள்ளையே வச்சிருங்கண்ணே."

வெள்ளைப் பூ ஜப்பான் என்றும் சிவப்புப் பூ கொரியா என்றும் பிள்ளைகள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். ஐம்பது வருடமாக நான் பூக்கட்டுகிறேன், ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை. தங்கராஜு சிரித்தார். "என்னா காளி, சாமிகிட்டயே டூப்பா?" என்றார். பிறகு அவரே, "பெத்தவ கேக்குறா. சாமி கோவிச்சுக்கிட்டா எனக்கு இன்னொரு காலு இருக்கு, எடுத்துக்கட்டும்" என்றார். நான் சரி என்று சொன்னேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை என்று எழுதிக்கொள்ளவும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணியளவில் நான்கு பேரும் வந்தார்கள். நான் நந்தியாவட்டைப் பூ இரண்டு பறித்து வைத்திருந்தேன். அவர்கள் பார்ப்பதற்காகத் தட்டில் சிவப்பு இட்லிப்பூ ஒரு கொத்தும் வைத்தேன். கருவறைக்குள் போய், தங்கராஜு மடிக்க நான் நூல் சுற்றினேன். இரண்டிலும் வெள்ளை. இட்லிப்பூவை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன்.

வெளியே அவர்கள் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. பவனேஷ், "டேய், முனியாண்டிக்கே பீரும் சுருட்டும்தான் படையல். அவரே நைட் லைஃப் ஆளுடா. ஓட்டு நமக்குத்தான்" என்றான். விஷாலினி, "சும்மா இருலா, சாமி கோயில்ல வந்து பேசுற பேச்சா?" என்று அதட்டினாள். ஜீவன், "தாத்தா, கொரியாவுல ராத்திரி மூணு மணிக்கும் கோழி பொரிச்சிக் குடுப்பான், கொஞ்சம் சிபாரிசு பண்ணுங்க" என்றான். திவாகரன் கைப்பேசியில் பனிமலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. ஜீவன்தான், "திவா எடுக்கட்டும், அவன் கை ராசியில்லாத கை, நமக்கு நல்லது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். திவாகரன் கால் கழுவி வந்து, கண்ணை மூடி, இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தான். பிரித்ததில் வெள்ளைப் பூ. விஷாலினி கை தட்டினாள். பவனேஷ் சாமியைப் பார்த்து, "ஏமாத்திட்டீங்களே பாஸ்" என்றான். மற்றப் பொட்டலத்தைப் பாரிட்டில் போடும்படி ஜீவனிடம் கொடுத்தேன். அவன் பின்பக்கம் போய் வந்தான். உஷாராணி தூணோரம் நின்றிருந்தார். எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மார்கழியில் தங்கராஜு இறந்துபோனார். அவரை எரித்து வந்த அன்று எனக்கு நூல் கண்டைத் தொடப் பிடிக்கவில்லை. வேறு காரணம் ஒன்றுமில்லை.

அதன் பிறகு பொங்கல் கழிந்த மறுநாள் மாலை, புறப்படுவதற்கு முதல் நாள், ஜீவன் தனியாகக் கோயிலுக்கு வந்தான். விபூதி வாங்கிக்கொண்டான். பிறகு பணப்பையைத் திறந்து காய்ந்த வாழையிலைத் துண்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தான். உள்ளே பூ பழுப்பாகியிருந்தது, ஆனால் நந்தியாவட்டை என்று தெரிந்தது. அன்றைக்கு அவன் அதைப் பாரிட்டில் போடவில்லை, பிரித்திருக்கிறான்.

"ரெண்டும் வெள்ளை. அம்மாதானே தாத்தா?" என்று கேட்டான்.

அவன் கோபப்படவில்லை, சிரித்தான். "அன்னிக்கே தெரியும். சொல்லியிருந்தா திரும்பக் கட்டியிருக்கணும். அம்மா என்கிட்ட இது வரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல தாத்தா, இதாவது கேட்டாங்களே. கொரியா எங்க ஓடிரப் போவுது? இந்தத் தடவ பனியப் பாத்துட்டு வரேன்" என்றான். பிறகு, "எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிராதீங்க, கூச்சப்படுவாங்க" என்றான். சொல்லமாட்டேன் என்றேன். வாக்குக் கொடுத்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். இன்று அதை மீறுகிறேன்.

இலையையும் பூவையும் அவனே எடுத்துப்போய்ப் பாரிட்டில் போட்டான். நான் பார்த்தேன்.

ஜப்பானில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, விஷாலினி சொல்லித்தான் தெரியும். நான்காம் நாள் சறுக்கிக்கொண்டு வரும்போது ஜீவன் ஒரு மரத்தின் ஓரமாகப் போனானாம். அங்கே கிளைகளுக்கு அடியில் பனி இறுகாமல் கிணறு மாதிரி இருந்ததாம், மேலே பார்த்தால் தெரியாதாம். தலைகீழாக உள்ளே போய்விட்டான். அவன் வரவில்லையே என்று திவாகரன் ஏறித் திரும்பிப் போய், ஒரு சறுக்குப் பலகை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு, கையுறை நனைந்து கழன்ற பிறகும் வெறுங்கையால் தோண்டியிருக்கிறான். ஆள்கள் வந்து சேர்ந்தபோது ஜீவனுக்கு மூச்சு இல்லை. திவாகரனுக்கு ஆறு விரல்கள் கறுத்துப்போயின.

உடல் ஒன்பதாம் நாள் வந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொன்னார்கள், உஷாராணி திறக்கச் சொல்லவும் இல்லை.

கருமாதி தைப்பூசம் முடிந்த இரண்டாம் நாள் உஷாராணியின் வீட்டில் நடந்தது. பந்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டரை மணியளவில் திவாகரன் வந்தான், இரண்டு கையிலும் கட்டு. ஜீவன் படத்துக்கு முன்னால் நின்றான், பூப் போட முடியாததால் விஷாலினி அவனுக்காகப் போட்டாள். ஜீவனின் அக்காள் பிரேமலாவின் கணவர் சிவநேசன் கையில் சாம்பார் வாளியோடு வந்தவர் அதைக் கீழே வைத்தார்.

"ஏண்டா, சோறு திங்க வந்தியா? நீதானே ஜப்பான் ஜப்பான்னு குதிச்ச? நீதானே எடுத்த? எந்தப் பொட்டலம்னு எப்படிடா தெரியும் ஒனக்கு? கிள்ளி அடையாளம் வச்சிருந்தியா?" என்று கேட்டார்.

திவாகரன், "இல்லண்ணே" என்று ஒரு வார்த்தைதான் சொன்னான். அதன் பிறகு சிவநேசன் வாளியிலிருந்த இரும்புக் கரண்டியை எடுத்து அடித்தார். மூன்று அடி. முதல் அடி தோளில், இரண்டாவது காதில், மூன்றாவது தலையில். திவாகரன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கட்டுப் போட்ட கை என்பதாலா, வேறு காரணமா என்று எனக்குத் தெரியாது. காது கிழிந்து சட்டையில் இரத்தமும் சாம்பாரும் கலந்து வழிந்தது. இரண்டு பேர் சிவநேசனைப் பிடித்தார்கள். சிவநேசன் கெட்டவர் அல்ல, அழுதுகொண்டேதான் அடித்தார், இதையும் எழுதிக்கொள்ளவும்.

அந்த நேரத்தில் உஷாராணி படத்துக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். மூன்று அடியும் விழும்வரை அவர் சிவநேசனைப் பார்க்கவில்லை, திவாகரனையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். இலையில் எனக்கு வடையும் பாயசமும் வைத்திருந்தார்கள். நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டாவது அடி விழுந்திருக்காது. சொல்லவில்லை.

நேற்று மருத்துவமனைக்குப் போய்த் திவாகரனைப் பார்த்தேன். தலையில் ஏழு தையல். போலீஸில் புகார் கொடுக்கப்போவதில்லை என்றான். ஏன் என்று கேட்டேன். "அவரு அடிச்சது நியாயந்தான் தாத்தா. நான் வலது பக்கத்துப் பொட்டலத்த எடுத்திருந்தா ஜீவன் இருந்திருப்பான். என் கைதான்லா" என்றான். கட்டுப் போட்ட கையைத் தூக்கி எனக்குக் காட்டினான். விரல்களில் இரண்டை எடுக்க வேண்டியிருக்கும் என்று அவன் தாயார் வெளியே வைத்துச் சொன்னார். எடுத்தாலும் அது அந்தக் கைக்குத் தகும் என்று மகன் சொல்கிறானாம்.

அவனிடம் அங்கேயே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நான் ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பான் என்று தோன்றியது. எழுத்தில் இருந்தால் நம்புவான். ஆகவே இங்கே வந்தேன்.

திவாகரன் எந்தப் பொட்டலத்தை எடுத்திருந்தாலும் ஜப்பான்தான் வந்திருக்கும். அவன் அடையாளம் வைக்கவில்லை, அவனுக்கு எதுவும் தெரியாது. கட்டியவன் நான். இதற்கு என்ன சட்டம் உண்டோ எனக்குத் தெரியாது, இருந்தால் என்மேல் போடலாம். கோயில் சாவியைக் கமிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் பேருந்து ஏறினேன்.

சார்ஜன் இதை முதலிலிருந்து கடைசிவரை எனக்கு இரண்டு முறை வாசித்தார். என் வாயில் வந்ததுதான் இதில் இருக்கிறது. நான் கூட்டிச் சொன்னதும் இல்லை, மறைத்ததும் இல்லை. திருத்த வேண்டியது எதுவும் இல்லை. கையெழுத்து வராததால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

ரேகை வைக்கும் முன்பு சார்ஜன் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, ரெண்டுலயும் வெள்ளைன்னு தெரிஞ்சவங்க வேற யாரு இருக்கா?" என்றார். அதற்கு என் பதிலையும் சேர்த்துக்கொள்ளவும். பொட்டலத்தை மடித்த தங்கராஜு இறந்துவிட்டார். பிரித்துப் பார்த்த ஜீவன் இறந்துவிட்டான். மிச்சமிருப்பவரைப் போலீஸ் கேட்பதானால், கேள்வி கேட்கும் முன் ஜீவன் பொங்கல் கழித்து வந்து என்னிடம் பேசியதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், மகன் தெரிந்துதான் போனான் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. இப்போது உயிரோடு இருப்பவர் உஷாராணி ஒருவர்தான்.

(இடது பெருவிரல் ரேகை)
காளியண்ணன் த/பெ இராமையா