முறுக்கிக்கொள்ளாத குச்சி

உங்கள் நாற்காலி ஆடுகிறது சார். ஒரு காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வையுங்கள், சரியாகிவிடும். ஆடுகிற பொருளைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. பழக்கதோஷம்.

என் வேலையே அதுதான். பூகம்பம் வந்தால் ஒரு கட்டடம் எவ்வளவு ஆடும் என்று கம்ப்யூட்டரில் ஆட்டிப் பார்த்துச் சொல்வது. தூண் தூணாக வரைந்து ஆட்டினால் ஒரு நாள் ஆகும். என் முறையில் நான்கே நிமிடம். கட்டடத்துக்குப் பதில் திரையில் ஒரு குச்சி, அதில் மாடிக்கு ஒன்றாகக் கோத்த பாசிமணிகள். அவ்வளவுதான். நீங்கள் விசாரிக்கிற இந்தக் கட்டடத்துக்கு முன் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டடங்களுக்கு அந்தக் குச்சியை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். ஒன்றில்கூட விரிசல் இல்லை. பூகம்பமும் வரவில்லை, அது வேறு விஷயம்.

இது ஒன்பது மாடிக் குடியிருப்பு. தூண்களுக்கு நடுவே சாய்வாக இரும்புச் சட்டங்கள். கட்டடத்தை ஆடவிடாமல் பிடித்துக்கொள்வது அவைதான். தெருப் பக்கம் கீழ்த்தளத்தில் கடைகளுக்குக் கண்ணாடி போட வேண்டும், சட்டங்கள் மறைக்கின்றன என்றார் உரிமையாளர். அவற்றை எடுத்துவிட்டு, பின்பக்கச் சட்டங்களை அந்த அளவுக்குத் தடிமனாக்கினேன். குச்சிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, மொத்த பலம்தான் தெரியும். கூட்டல் சரியாக இருந்தது. குச்சி நின்றது.

என் உதவிப் பொறியாளர் ஒரு பெண். தடித்த கண்ணாடி என்பதால் ஆபீசில் அவள் பெயர் சோடாபுட்டி. யாரும் கேட்காமலேயே முழுக் கட்டடத்தையும் வரைந்து ஆட்டிவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

“எட்டாவது செகண்டுல முறுக்கிக்குது சார். பின்பக்கம் அப்படியே நிக்குது, முன்பக்கம் மட்டும் ஓடுது. கீழ்த் தூண் எல்லாம் போயிடுது.”

“முறுக்கிக்குதா? யார் மேல கோபமாம்?”

ஆபீசே சிரித்தது. கடைசியில் அவளும் சிரித்தாள்.

பிறகு தனியாகக் கூப்பிட்டுப் பொறுமையாகப் பேசினேன். கணக்கு பெரிதானால் தப்பும் பெரிதாகும், எங்கோ ஓர் எண்ணை மாற்றிப் போட்டிருப்பாய் என்றேன். அவள் சொல்வது சரியென்றால் பழைய இருநூற்றுப் பன்னிரண்டையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஊரே பீதியாகிவிடும். பொறுப்புள்ளவன் அப்படிச் செய்வானா? கோப்பை அழிக்கச் சொன்னேன். அழித்தாள்.

ஆனாலும் முகம் தெளியவில்லை. அதனால் கட்டி முடிந்ததும் அங்கேயே இரண்டாம் மாடியில், தெருப் பக்கம், நானே பேசி அவளுக்கு ஒரு வீடு பிடித்துக் கொடுத்தேன். குடியிருந்து பார்த்தால் பயம் போய்விடும் இல்லையா.

“நீங்களே சொல்றப்போ எனக்கென்ன சார்” என்று அம்மாவையும் கணவரையும் அழைத்துக்கொண்டு போனாள். சோடாபுட்டியே குடிபோன பிறகு ஆபீசில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பூகம்பம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். எதிர்க்கடைக் கேமராவில் பதிவானதை நீங்கள்தான் காட்டினீர்கள். வினாடிகளை எண்ணிக்கொண்டே பார்த்தேன். ஏழு வரை என் குச்சி சொன்னபடியே ஆடியது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எட்டில் முறுக்கிக்கொண்டது. நாற்பத்தொரு பேர், அவர்கள் மூவரையும் சேர்த்து.

மற்ற கட்டடங்களின் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்நேரம் அங்கெல்லாம் துணி காய்ந்துகொண்டிருக்கும். காலி செய்யச் சொன்னால் அத்தனை பேரும் எங்கே போவார்கள்?

தெரிந்தே செய்தாயா என்று கேட்டால், இல்லை. என் குச்சியை நான் முழுதாக நம்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

என் அக்காவா? ஆமாம், அவளும் அங்கே வீடு கேட்டாள். அதே மாடி, அதே தெருப் பக்கம்.

“வேணாம்க்கா, அங்க காத்து வராது” என்று சொல்லிவிட்டேன்.